எஃப்ஏஎஸ்டி பயிற்சி: ஆசிரியர்களும் பணியாளர்களும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கர்ப்ப காலத்தில் தாய் குடித்த மது வயிற்றிலிருந்த பிள்ளையின் மூளையையும் உடலையும் பாதித்து, அதனால் வாழ்நாள் முழுக்கத் தொடரும் குறைபாடுகளை எல்லாம் சேர்த்து எஃப்ஏஎஸ்டி (FASD, Fetal Alcohol Spectrum Disorder) என்கிறார்கள். கனடாவில் நூறில் நான்கு பேருக்கு இது இருக்கலாம் என்பது இங்குள்ள கான்எஃப்ஏஎஸ்டி என்ற ஆய்வு வலையமைப்பின் மதிப்பீடு. ரொறன்ரோப் பகுதியில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் டேகெயரிலும் பள்ளிகளிலும் குரூப் ஹோம்களிலும் வேலை செய்யும் நம்மவர்கள் ஏராளம், வளர்ப்புப் பெற்றோராக இருப்பவர்களும் இருக்கிறார்கள். நான் பள்ளியில் சிறப்புக் கல்வி உதவியாளராக வேலை செய்கிறேன், புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குத் தமிழில் ஓரிடத்தில் பதில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஓட்டிசம், ஏடிஎச்டி பயிற்சி ஏற்கெனவே எடுத்திருக்கிறோம். இதற்கென்று தனியாக எதற்கு?

அங்கே படித்த பல உத்திகள் இந்தப் பிள்ளைகளிடம் பலிக்காது, சில நேரம் நிலைமையை மோசமாக்கவும் செய்யும், அதனால்தான். ஸ்டிக்கர் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஸ்டிக்கர் சேர்ந்தால் வெள்ளிக்கிழமை பரிசு என்பது பலிக்க வேண்டுமானால், பிள்ளை திங்கட்கிழமை நடந்ததை வெள்ளிவரை நினைவில் வைத்திருக்க வேண்டும், இதைச் செய்தால் அது கிடைக்கும் என்று முடிச்சுப் போட வேண்டும், கோபம் தலைக்கேறுகிற நேரத்தில் அந்தப் பரிசை நினைத்துத் தன்னைத்தானே அடக்க வேண்டும். மது பாதித்த மூளையில் பெரும்பாலும் அடிபட்டிருப்பவை இந்த மூன்றும்தான். அட்டை வெறுமையாகவே கிடக்கும், பிள்ளை எல்லோர் முன்னாலும் தினமும் தோற்கும், ‘இவனுக்கு அக்கறை இல்லை’ என்று பெரியவர்கள் முடிவுகட்டி விடுவார்கள்.

இன்னொன்று, இவர்களில் பலர் நன்றாகக் கதைப்பார்கள். வாய் நிறையப் பேசுகிற பிள்ளைக்கு எல்லாம் விளங்குகிறது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் பேசுகிற அளவுக்கு அவர்களுக்குக் கேட்பது விளங்குவதில்லை. ‘விளங்கிச்சா?’ என்று கேட்டால் தலையாட்டுவார்கள். இந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தருவதே தனிப் பயிற்சியின் முதல் பயன் என்பேன்.

பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் தெரியாதா?

பெரும்பாலும் தெரியாது. பிரான்சில் நான்ந் நகரில் போல் லெமுவான் என்ற மருத்துவர் 1968இல் 127 பிள்ளைகளைப் பற்றி எழுதினார், 1973இல் அமெரிக்காவின் சியாற்றில் நகர மருத்துவர்கள் ஜோன்ஸும் ஸ்மித்தும் இதற்கு ‘ஃபீற்றல் அல்கஹோல் சின்ட்ரோம்’ என்று ஒரு பெயரே வைத்தார்கள். மருத்துவர்கள் பார்க்கும் முக அடையாளங்கள் மூன்று: கண் திறப்பின் நீளம் குறைவு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம் வழுவழுப்பாக இருப்பது, மேலுதடு மெல்லியது. இந்த அடையாளங்கள் கரு உருவான மூன்றாவது கிழமையையொட்டிய ஒரு சின்ன இடைவெளியில் மது போனால்தான் வருகின்றன. மூளையோ ஒன்பது மாதமும் வளர்கிறது. ஆகவே பத்தில் ஒன்பது பேருக்கு முகத்தில் ஒன்றுமே இருக்காது. முகத்தைப் பார்த்து ‘இருக்கு’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்கிற வேலையை ரீச்சர்மாரும் சமூகப் பணியாளர்களும் செய்யவே கூடாது, அது அளவுகோல் வைத்து அளந்து பார்க்கும் மருத்துவரின் வேலை.

நல்ல பயிற்சி என்றால் அதில் என்ன இருக்க வேண்டும்?

மூளைக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் இரண்டு மணி நேரம் படம் போட்டுக் காட்டிவிட்டு அனுப்பினால் அது போதாது. பயிற்சி முடிந்து வெளியே வருகிறவர், ‘இவன் ஏன் செய்ய மாட்டேன் என்கிறான்’ என்ற கேள்வியை விட்டுவிட்டு ‘இவனால் ஏன் ஏலாமல் இருக்கிறது’ என்று கேட்கத் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு மாற்ற வேண்டியது பிள்ளையைச் சுற்றியுள்ளவற்றை: அறை, நேர அட்டவணை, நாம் பேசும் விதம், நம்முடைய எதிர்பார்ப்பு.

கனடாவின் 2016ஆம் ஆண்டு நோயறிதல் வழிகாட்டி மூளையின் வேலையைப் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கிறது. நினைவு, கவனம், மொழி, படிப்பு, உடலசைவு, உணர்ச்சியைக் கட்டுப்படுத்துவது, திட்டமிட்டுச் செய்வது, அன்றாட வாழ்க்கைத் திறன் எல்லாம் அதில் வருகின்றன. குறைந்தது மூன்றிலாவது கடுமையான பாதிப்பு இருக்க வேண்டும். எந்த மூன்று என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதனால் ‘எஃப்ஏஎஸ்டி பிள்ளைகளுக்கு இதைச் செய்யுங்கள்’ என்று ஒரே மருந்துபோல் ஒரு பட்டியலைக் கொடுக்கும் பயிற்சியை நான் நம்ப மாட்டேன்.

பயிற்சி நடத்துபவர்களில் எஃப்ஏஎஸ்டியோடு வாழும் பெரியவர் ஒருவராவது இருக்கிறாரா என்றும் பாருங்கள். கனடாவில் அப்படிப் பேசக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். சத்தமான வகுப்பறையில் மின்விளக்கின் இரைச்சல் எப்படித் தலையைப் பிளக்கும் என்று அவர்கள் சொல்லும்போது விளங்குகிற அளவுக்கு எந்தப் பேராசிரியர் சொன்னாலும் விளங்காது.

வகுப்பறையில் நடைமுறையில் என்ன மாறும்?

நிறைய மாறும், அவற்றில் பலவற்றுக்குக் காசு செலவே இல்லை.

‘எல்லாரும் மேசையைத் துப்பரவாக்கிட்டு, வீட்டுப்பாடத்தை எழுதிட்டு, ஜாக்கெட் போட்டுக்கொண்டு வரிசையில் வாங்கோ’ என்று ரீச்சர் சொல்கிறார். நான்கு வேலை. பிள்ளை ஜாக்கெட்டோடு முதல் ஆளாக வாசலில் நிற்கும், அல்லது மேசைக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலைப் பிடித்தபடி அப்படியே நிற்கும். இரண்டிலும் நடந்தது ஒன்றுதான், காதில் விழுந்த நான்கில் சில நழுவிப்போய்விட்டன. ஒரு நேரத்தில் ஒன்று சொல்லுங்கள், பத்து விநாடியாவது காத்திருங்கள், அப்புறம் அடுத்ததைச் சொல்லுங்கள். மேசையில் நான்கு படங்களை வரிசையாக ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் வாயால் சொன்னது காற்றோடு போகும், படம் அங்கேயே இருக்கும்.

சொல்வதையும் நேராகச் சொல்லுங்கள். ‘ஒழுங்காக இரு’ என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ‘கால் இரண்டையும் தரையில் வை’ என்றால் தெரியும். ‘ஓடாதே’ என்பதைவிட ‘நட’ என்பது விளங்கும். நேரமும் கஷ்டம்தான். ஐந்து நிமிஷம் என்பது அவர்களுக்குக் கையில் பிடிக்க முடியாத ஒன்று, சிவப்பு வட்டம் குறைந்துகொண்டு வரும் கடிகாரத்தை வைத்தால் நேரம் போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கணக்குப் பலருக்குப் பெரிய தலையிடி. திங்கட்கிழமை ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிப்பார்கள், புதன்கிழமை முதல்முறை பார்ப்பதுபோல் விழிப்பார்கள், வெள்ளிக்கிழமை திரும்ப வந்துவிடும். இதை வேண்டுமென்று செய்வதாக நினைத்தால் இரண்டு பக்கமும் மனம் உடையும். மறந்ததைச் சலிக்காமல் திரும்பக் கற்பிக்கத்தான் வேண்டும். அற்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் கிளேர் கோல்ஸும் ஜூலி கேபிளும் இந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒரு கணக்குத் திட்டம் உருவாக்கினார்கள். அதில் பிள்ளையோடு சேர்த்துப் பெற்றோருக்கும் பயிற்சி உண்டு, கணக்கில் முன்னேற்றமும் தெரிந்தது. பாதிப்பு நிரந்தரம் என்றால் கற்கவே முடியாது என்று அர்த்தமில்லை.

மற்றப் பிள்ளைகளுக்கு இது நியாயமா?

பார்வை குறைந்த பிள்ளைக்குக் கண்ணாடி கொடுத்தால் மற்றவர்கள் நியாயம் கேட்பதில்லை. இதுவும் அப்படித்தான். பட அட்டவணையும் சுருக்கமான அறிவுறுத்தலும் வகுப்பில் எல்லோருக்கும் உதவும், யாருக்கும் நட்டம் இல்லை.

முகத்துக்கு நேரே பொய் சொல்கிறான், பிறர் பொருளை எடுக்கிறான். அதையும் மூளை என்று விட்டுவிடுவதா?

விட்டுவிடச் சொல்லவில்லை, என்ன நடந்தது என்று சரியாகப் பார்க்கச் சொல்கிறேன். நினைவில் ஓட்டை விழுந்திருந்தால் மூளை அந்த ஓட்டையைத் தானே ஏதாவது வைத்து அடைக்கும். நேற்றுப் பார்த்த கார்ட்டூனில் ஒரு துண்டு, நண்பன் சொன்ன கதையில் ஒரு துண்டு, நீங்கள் கேட்ட கேள்வியிலேயே இருந்த ஒரு சொல், எல்லாம் சேர்ந்து ஒரு பதிலாக வரும், சொல்கிற பிள்ளையும் அதை உண்மை என்று நம்பும். ‘நீதானே கண்ணாடியை உடைச்சனீ?’ என்று நான்கு தரம் அழுத்திக் கேட்டால் செய்யாததையும் ‘ஓம்’ என்பார்கள், கேட்பவரைச் சந்தோஷப்படுத்தி அந்த இடத்தைவிட்டுத் தப்பினால் போதும் என்று இருக்கும்.

களவும் அதேபோல. சொந்தம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயம். மேசைமேல் ஒருவரும் தொடாமல் கிடக்கும் பேனை இன்னொருவருடையது என்பதை நாம் மனதில் கணக்குப் போட்டுத்தான் அறிகிறோம். பெயர் ஒட்டுங்கள், விலை உயர்ந்ததை எடுத்துப் பூட்டுங்கள், எடுத்தால் அமைதியாகத் திருப்பிக் கொடுக்க வையுங்கள். ‘ஏன் எடுத்தாய்?’ என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள், அதற்கு அவர்களிடம் பதில் கிடையாது, இன்னொரு கட்டுக்கதைதான் வரும்.

‘அடியாத மாடு படியாது’ என்கிறார் அம்மம்மா. அவருக்கு எப்படி விளக்குவது?

அம்மம்மாவையும் அப்பப்பாவையும் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், உண்மையாகவே சொல்கிறேன். வீட்டில் பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது பல குடும்பங்களில் அவர்கள்தான். அவர்களுடைய அனுபவத்தைத் தட்டிக்கழிக்காமல் கேளுங்கள்: ‘அம்மா, இதுவரைக்கும் எத்தனை தரம் அடிச்சும் ஏசியும் பார்த்தீங்கள், மாறினவனா?’ மாறவில்லை என்று அவருக்கே தெரியும். அடிக்கும் தப்புக்கும் உள்ள தொடர்பு பிள்ளையின் மூளையில் பதியவில்லை, அடித்தவர்மேல் பயம் மட்டும் பதிந்தது என்று அங்கிருந்து சொல்லலாம். நம் தாத்தா பாட்டிமாரிடம் இந்தப் பிள்ளைகளுக்குத் தேவையான ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒரே நேரத்துக்குச் சாப்பாடு, ஒரே நேரத்துக்குக் குளிப்பு, ஒரே நேரத்துக்கு நித்திரை என்ற ஒழுங்கை வருடக்கணக்காகச் சலிக்காமல் நடத்துவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

தமிழ்ப் பெண்கள் குடிப்பதில்லையே, நமக்கு ஏன் இது?

இந்தக் கேள்வியில் உள்ள நிச்சயம்தான் எனக்குக் கவலை. இந்திய தேசியக் குடும்பநல ஆய்வில் பெண்களில் குடிப்பவர்கள் நூறில் ஒருவர் என்று வந்தது, அது உலக அளவில் குறைவுதான். ஆனால் குறைவு என்பது இல்லை என்று ஆகாது. இலங்கை மலையகத் தோட்டங்களில் கள்ளச்சாராயமான கசிப்பும் சாராயமும் பெண்களையும் விட்டுவைக்கவில்லை. ரொறன்ரோவில் வளர்ந்த நம் பெண்பிள்ளைகள் நண்பர்களோடு போய்க் குடிப்பதும் புதுச் செய்தி இல்லை. கர்ப்பம் என்று தெரிவதற்கு முன் ஐந்தாறு கிழமை ஓடிவிடுகிறது. ‘நம்மில் இல்லை’ என்று ஊர் அடித்துச் சொல்லச் சொல்ல, குடித்த பெண் அதை டொக்டரிடம்கூடச் சொல்ல மாட்டாள், பிள்ளைக்கு உதவி கிடைப்பதும் பிந்தும்.

குடும்பத்தில் யாருமே குடிக்காவிட்டாலும், நீங்கள் பார்க்கும் வகுப்பிலும் வார்டிலும் இந்தப் பிள்ளைகள் இருப்பார்கள். இங்கே இது கனடாவின் பூர்வகுடிகளான முதல்குடி மக்களுடைய பிரச்சினை மட்டும்தான் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், அது தவறு, அந்த மக்களுக்கு ஏற்கெனவே இழைக்கப்பட்ட அநியாயத்தோடு இன்னொன்றைச் சேர்ப்பது. மது உள்ள எல்லாச் சமூகத்திலும் இது உண்டு.

ஊர்ப்பக்கம் விழிப்புணர்வு குறைவு என்பதற்குப் போத்தலே சாட்சி. ‘மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு’ என்று தமிழ்நாட்டில் அச்சடிக்கிறார்கள், வயிற்றுப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அமெரிக்காவில் 1989 முதல் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை போத்தலில் இருக்கிறது, அவுஸ்திரேலியாவில் 2023இல் கட்டாயமாக்கினார்கள்.

கள்ளு, வைன், பியர் என்றால் பரவாயில்லையா? எவ்வளவு வரை பாதுகாப்பு?

பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை, பாதுகாப்பான மாதமும் இல்லை, பாதுகாப்பான வகையும் இல்லை. தாயின் இரத்தத்தில் உள்ள மது நஞ்சுக்கொடி வழியே கருவுக்கும் போகிறது, கருவின் ஈரலால் அதை உடைக்க முடியாது. தெரியாமல் குடித்துவிட்டேன் என்று பயந்துபோய் இருப்பவர்களுக்கு: இன்றே நிறுத்தினால் இன்று முதல் பிள்ளைக்கு நல்லது, போய் டொக்டரிடம் சொல்லுங்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் மட்டும் திடீரென்று தாமாக நிறுத்தாமல் மருத்துவ உதவியோடு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஆபத்து.

அரிஷ்டம், ஆசவம் என்று வரும் நாட்டு மருந்துகளிலும் புளித்ததால் வந்த மது இருக்கும், சிலவற்றில் பியரைவிடக் கூட. கர்ப்பமாக இருக்கும்போது மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

தாதியாக வேலை செய்கிறேன். கர்ப்பிணியிடம் குடிப்பதைப் பற்றி எப்படிக் கேட்பது?

எல்லோரிடமும் கேளுங்கள். ஆளைப் பார்த்து, உடுப்பைப் பார்த்து, இனத்தைப் பார்த்துத் தெரிவுசெய்து கேட்பதுதான் அவமானம். ‘நீங்கள் குடிப்பதில்லைத்தானே?’ என்று கேட்டால் இல்லை என்ற பதிலை நீங்களே வாயில் திணிக்கிறீர்கள். ‘கர்ப்பம் என்று தெரிய முதல் எப்போதாவது குடிச்சனீங்களோ, கலியாண வீடு, பார்ட்டி என்று?’ என்று கேட்டுப் பாருங்கள். மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருக்கும்போது கேட்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் சொந்தக்காரரைப் பிடிக்காதீர்கள்.

கேட்ட பிறகு முகத்தைச் சுளித்தால் அந்தப் பெண் திரும்ப வர மாட்டாள். பிள்ளையைச் சிறுவர் பாதுகாப்பு அமைப்பான சில்ட்ரன்ஸ் எயிட் எடுத்துவிடும் என்ற பயமும் அவளுக்கு இருக்கும். வன்முறை, தனிமை, மனச்சோர்வு, குடியை விட முடியாத நோய் எல்லாம் பின்னால் நிற்கும், பிள்ளைக்குக் கெடுதி செய்ய நினைத்துக் குடித்த தாயை நான் கண்டதில்லை. சியாற்றிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1991இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், குடியோ போதையோ பிரச்சினையாக உள்ள தாயோடு ஒரு பணியாளர் மூன்று வருடம் கூடவே போகிறார். வீட்டுக்குப் போவார், சிகிச்சைக்கும் நீதிமன்றத்துக்கும் கூட்டிப்போவார், அவள் திரும்பக் குடித்துவிட்டாலும் கைவிட மாட்டார். அல்பேர்ட்டாவிலும் இது பல இடங்களில் நடக்கிறது. ‘இது முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடியது’ என்ற வாசகத்தைச் சுவரொட்டியில் போட வேண்டாம் என்று இப்போது பலர் சொல்வதும் இதனால்தான், அதைப் படிக்கிற தாய்க்குக் காதில் விழுவது ‘எல்லாம் உன் பிழை’ என்பது மட்டுமே.

பெயர் சூட்டினால் பிள்ளை அடையாளப்பட்டுப் போகாதா? நோயறிதல் தேவையா?

பெயர் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது: சோம்பேறி, கள்ளன், முரடன். அவற்றைவிட உண்மையான பெயர் நல்லது. ஆன் ஸ்ட்ரைஸ்கத் தலைமையில் 415 பேரை வைத்துச் சியாற்றிலில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானபோது, சின்ன வயதில் நோயறிந்து, நிலையான நல்ல வீட்டில் வளர்ந்தவர்கள் பள்ளியைவிட்டு விலகுவது, பொலிசில் மாட்டுவது போன்றவற்றிலிருந்து தப்பும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு கூட என்று வந்தது. குழந்தைநல மருத்துவர், உளவியலாளர், பேச்சுமொழி சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள். காத்திருப்பு நீளம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை, மேலே சொன்ன மாற்றங்களை இன்றே செய்யலாம், தப்பானால் நட்டமொன்றும் இல்லை.

பொலிஸ், சட்டத்தரணிகளுக்கும் இந்தப் பயிற்சி ஏன்?

மேற்கு அவுஸ்திரேலியாவில் பாங்சியா ஹில் இளைஞர் தடுப்பு நிலையத்தில் 99 பேரைப் பரிசோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் 36 சதவீதம் பேருக்கு எஃப்ஏஎஸ்டி இருந்தது. அவர்களில் இரண்டு பேருக்குத்தான் அது முன்பே தெரிந்திருந்தது. மற்றவர்கள் எல்லாம் எத்தனை வகுப்பறை, எத்தனை கிளினிக் கடந்து அங்கே போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பொய்யான வாக்குமூலம், பிணை நிபந்தனையை மறந்து மீறுவது, நீதிபதியின் கேள்வி விளங்காமல் தலையாட்டுவது, எல்லாமே சட்டத்தின் கண்ணுக்குத் திமிராகத் தெரியும். கனடாவில் வினிப்பெக் நகரில் 2019 முதல் எஃப்ஏஎஸ்டி உள்ளவர்களின் தண்டனை விசாரணைக்கென்று தனி அமர்வு நடக்கிறது, அங்கே கூட்டமும் சத்தமும் குறைவு, எளிய சொற்களில் பேசுகிறார்கள்.

எங்கே தொடங்குவது?

கான்எஃப்ஏஎஸ்டியின் அடிப்படைப் பாடம் இணையத்தில் உங்கள் வேகத்தில் படிக்கும்படி இருக்கிறது, அதற்கு மேலே கல்வி, நீதித்துறை என்று தொழில்வாரியான பாடங்கள் உண்டு. ரொறன்ரோவில் சரே பிளேஸ் நிலையத்தில் இதற்கென்று மருத்துவக் குழு இருக்கிறது. ஆங்கிலத்தில் படிக்கக் கஷ்டமான பெற்றோரோடு சேர்ந்து உட்கார்ந்து ஒருவர் தமிழில் சொன்னால் ஓர் ஆள் எடுத்த பயிற்சி ஒரு குடும்பத்துக்கே போய்ச் சேரும். பயிற்சி எடுத்துவிட்டு அப்படியே மறந்துவிடாமல், அடுத்த திங்கட்கிழமை ஒரே ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பாருங்கள்.

பதினெட்டு வயதானால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது, பல குடும்பங்களுக்கு அதற்குப் பிறகுதான் கஷ்டமே. பள்ளியின் ஒழுங்கு போய்விடுகிறது, பலருடைய அறிவுத்திறன் (ஐக்யூ) மதிப்பெண் எழுபதுக்கு மேலே இருப்பதால் வளர்ந்தோருக்கான பல உதவிகளின் கதவும் மூடிவிடுகிறது. உயரத்தில் பெரியவர், பணத்தையும் நண்பர்களையும் கையாள்வதில் பத்து வயதுப் பிள்ளை என்று ஒருவரைத் தனியாக ஒரு அடுக்குமாடியில் விட்டால் முதல் மாதச் சம்பளம் ஒரே நாளில் போகும், அறிமுகம் இல்லாதவர்கள் வீட்டுக்குள் வந்து தங்கிவிடுவார்கள்.

பதினாறு வயதிலேயே திட்டமிடத் தொடங்குங்கள். ஒன்ராறியோவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓடிஎஸ்பி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண்ணோடு நிற்காமல், சமைப்பது, பஸ் பிடிப்பது, காசு எண்ணுவது போன்றவற்றில் அவரால் என்ன முடிகிறது, என்ன முடியவில்லை என்பதை எழுதிய அறிக்கையை இணையுங்கள். வாடகையும் மின்சாரமும் அவர் கைக்கு வராமல் நேரே போகும்படி ஒழுங்கு செய்யுங்கள். கைச்செலவைக் கிழமைக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். மருந்து நேரமும் வேலை நேரமும் தொலைபேசியில் மணியடிக்கட்டும். ஆபத்தென்றால் கூப்பிட ஒரே ஒரு இலக்கம், அதை எடுக்கிற ஒரே ஒரு ஆள். அந்த ஆள் தாயாகவே இருக்க வேண்டும் என்றில்லை, தாய்க்கும் நித்திரை வேண்டும், மாமாவோ அக்காவோ சம்பளம் வாங்கும் பணியாளரோ யாராவது இருக்கலாம், ஆனால் யார் என்பதை எல்லோரும் கதைத்து முன்கூட்டியே தீர்மானித்து எழுதி வையுங்கள்.